கொம்புக் கதிரை

மனிதர்கள் உட்காருவதற்கு எருமைக் கொம்பில் ஒரு கதிரை செய்யலாம் என்று முதன்முதலில் எவனுக்குத் தோன்றியதோ, அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அவன் செத்து நூறு வருடமாவது ஆகியிருக்கும். ஆகட்டும். என் கோபம் அவன் வயதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

நான் சொல்கிற கதிரை கண்டியில், வாவிக்கு மேலே ஏறும் ஒரு தெருவில், பெரிய வீடு ஒன்றின் ஹோலில் இருந்தது. நான்கு கால்களும் எருமைக் கொம்புகள். கூர்முனைகள் வெளிப்பக்கமாக வளைந்து தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைக் குமிழ். கைபிடிகள் இரண்டும் எருமைக் கொம்புகள்தான். உட்காருகிறவரின் விலாவை இரண்டு பக்கமும் பதம் பார்ப்பதற்காகவே வளைத்து வைத்ததுபோல இருக்கும். முதுகு சாய்கிற இடத்தில் மரைமானின் கொம்புகள், கிளை கிளையாக. சாய்ந்தால் ஒரு கிளை பிடரியில் ஏறும், இன்னொன்று தோள்பட்டைக்குக் கீழே குத்தும். நடுவில் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த வெல்வெட் மெத்தை. மழை மாதங்களில் அதிலிருந்து நனைந்த நாயின் வாடை வரும்.

அந்த வீடு ஒரு டொக்டருடையது. ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர்கள். உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். என் அம்மா அவர்கள் வீட்டில் சமையல் வேலை செய்தாள். நாங்கள் வத்தேகமையில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கல்யாணமானதும் தேயிலை வேண்டாம் என்று வத்தேகமைக்கு இறங்கி வந்து, அப்பா ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா காலை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், பஸ் நிலையத்திலிருந்து வாவிக் கரையோடு நடந்து, அந்த ஏற்றத்தில் ஏறுவாள். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருக்கும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஓகஸ்ட் விடுமுறைக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். வழக்கமாக என்னைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த மாதம் குழந்தை பிறந்திருந்தது. அதனால்தான். இல்லாவிட்டால் அந்தக் கதிரையை நான் பார்த்திருக்கவே மாட்டேன், என் கன்னமும் தப்பித்திருக்கும்.

அந்த வீட்டில் முதல் நாளே எனக்கு இரண்டு விஷயங்கள் பிடிபடவில்லை. ஒன்று, அந்த வீட்டுக்காரியை என் அம்மாவும் 'அம்மா' என்றே கூப்பிட்டாள். என் அம்மாவைவிடப் பத்துப் பதினைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். அவர் எப்படி அவளுக்கு அம்மா ஆனார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் மனதுக்குள் அவரை டொக்டரம்மா என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது, அவர்கள் பேசிய தமிழ். டொக்டர் ஐயா என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "இரு பிள்ளை, இரு" என்றார். எங்கள் தமிழில் 'இரு' என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். நான் பொறுத்தேன். ஹோலின் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, அவர் பேப்பரை முழுதும் படித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொண்டு நின்றேன். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, அவர்கள் அப்படிச் சொன்னால் உட்காரச் சொல்கிறார்கள் என்று காதில் சொன்னாள். சரி என்று போய் சோபாவில் உட்கார்ந்தேன். அரை நிமிடம் இருக்காது, டொக்டரம்மா வந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைக் கையைப் பிடித்து எழுப்பிக் குசினிக்குக் கூட்டிப் போய், காய் வெட்டும்போது தான் உட்காருகிற பலகையைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட. உயரம் நாலு விரல்.

அந்த வீட்டில் கதிரைகளுக்குப் பஞ்சம் இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி எட்டு. வெளி விறாந்தையில் பிரம்புக் கதிரை நான்கு. ஹோலில் சோபாவும் அதன் குட்டிகளும். ஆட்கள் இரண்டே பேர். இதை நான் எண்ணிப் பார்த்தது பலகையில் குந்தியிருந்த நேரத்தில்தான். வேறு வேலையும் இல்லை.

கொம்புக் கதிரைக்கு ஹோலில் தனி இடம், தனிச் சிறு கம்பளம். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் பழைய சாமான்களை ஏலம் போட்டபோது டொக்டர் ஐயா எடுத்தது. வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் அதன் கதையைச் சொல்வார். "இதில இருக்கிற ஒவ்வொரு கொம்பும், அந்த வெள்ளைக்காரத் துரை தன்ர துவக்கால தானே சுட்ட மிருகத்தின்ர" என்று, தானே கூடப் போய்ச் சுட்டதுபோலச் சொல்வார். வந்தவர்கள் குனிந்து பார்த்து, விரலால் தொட்டு, அப்படியா என்பார்கள். பிறகு எல்லோரும் சோபாவில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தக் கதிரையில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஆறு கொம்பு என்றால் மூன்று எருமை. அதோடு ஒரு மரை. நாலு உயிர் போய்ச் செய்த ஒரு சாமான், அதில் உட்காரவும் முடியாது. நான் இதை பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். துரை எருமையைச் சுட்ட வீரத்தையும் சொன்னேன். அம்மா, "எருமைய எதுக்குச் சுடணும்? கயித்தப் புடிச்சு இழுத்தா வந்திருமே" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாங்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை முட்டைகூடக் கிடையாது. தோல் செருப்பை வாசற்படிக்கு வெளியே கழற்ற வேண்டும், உள்ளே சாமி அறை இருக்கிறது என்று. அந்தச் சாமி அறைக் கதவுக்கு நேர் எதிரேதான் இந்த நாலு பிணமும் வருடக் கணக்கில் உட்கார்ந்திருந்தன. யாரும் அவற்றை வெளியே போகச் சொல்லவில்லை.

கதிரையைத் துடைக்கிற வேலையை டொக்டரம்மா எனக்குக் கொடுத்தார். சின்ன விரல் என்றால் மரைக்கொம்பின் சந்துகளுக்குள் போகும் என்று அவருக்கு ஒரு யோசனை. ஒரு துணித் துண்டு, ஒரு சிறிய கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். தினமும் காலையில் அதன் முன்னால் முழங்காலில் நின்று துடைப்பேன். நான் துடைக்கும்போது அம்மா குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் இரண்டு மூன்று தரம் வந்து போவாள். "கைபிடியப் புடிச்சு இழுக்காத. மேலால தொடச்சா போதும்" என்பாள். இடது கைபிடிக்கு வந்ததும் துணியை என் கையிலிருந்து வாங்கித் தானே துடைப்பாள், பச்சைக் குழந்தையின் தலையைத் துடைப்பதுபோல. விலை உயர்ந்த சாமானாச்சே என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். அம்மாவுக்கு இந்த அருவருப்பின் மேல் என்ன இத்தனை மரியாதை என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பெரஹரா ஊர்வலம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் கொழும்பிலிருந்து ஒருவர் வரப் போவதாக வீடு அமளிப்பட்டது. டொக்டரம்மாவின் சொந்தக்காரப் பெண். ஏதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகைக்குப் படம் எடுப்பவர். கண்டியில் பழைய வீடுகளில் இருக்கும் பழைய தளபாடங்களைப் பற்றி எழுதப் போகிறாராம். முதல் படமே கொம்புக் கதிரை. அன்று காலை அம்மா ரோல்ஸ் சுற்றினாள், கட்லட் பிடித்தாள், தரையை இரண்டு முறை துடைத்தாள், டொக்டர் ஐயாவின் கறுப்புச் சப்பாத்தை முகம் தெரிகிற மாதிரி பொலிஷ் செய்தாள். படத்துக்காக அன்றைக்கு மட்டும் சப்பாத்தோடு வீட்டுக்குள் நடக்க அனுமதி. நான் கதிரையை வழக்கத்தைவிட நன்றாகத் துடைத்தேன். எனக்கே அதில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

படம் எடுக்க ஹோலில் வெளிச்சம் போதாது என்றார் வந்த அக்கா. கதிரையை விறாந்தைக்குத் தூக்கிப் போக வேண்டும். டொக்டர் ஐயா ஒரு பக்கம் பிடித்தார். அம்மா குசினியிலிருந்து மாவுக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடி வந்து மறுபக்கம், அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். விறாந்தையில் இறக்கி வைத்துவிட்டு அவள் உடனே போகவில்லை. கதிரையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். பிறகுதான் போனாள்.

அக்கா கதிரையைத் தனியாக நாலு பக்கமும் எடுத்தார். தரையில் படுத்துக்கூட எடுத்தார். பிறகு, "அங்கிள், நீங்க அதில இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

டொக்டர் ஐயாவின் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. டொக்டரம்மா, "பக்கத்தில நிண்டா போதாதோ?" என்று கேட்டார். ஆனால் கமராவுக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு மறுக்க மனம் வராது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்பக்கமாக மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். மரைக்கொம்பு பிடரியில் முட்டி அவர் தலையை முன்னால் தள்ளியது. முகவாய் நெஞ்சில் இடித்தது. "சிரியுங்கோ அங்கிள், கையை மேல வையுங்கோ" என்றார் அக்கா. அவர் இரண்டு கைகளையும் கைபிடிகளின் மேல் ராசாவைப்போல வைத்து, நிமிர்வதற்காக ஊன்றினார்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. உலர்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். இடது கைபிடி முழுதாகக் கழன்று டொக்டர் ஐயாவின் கையில் இருந்தது. அவர் அதைச் சங்கு ஊதப் போகிறவர்போலப் பிடித்துக்கொண்டு, அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். கமரா 'க்ளிக்' என்றது.

நான் சிரித்துவிட்டேன்.

அதுதான் நான் செய்த ஒரே குற்றம். வாயைப் பொத்திக்கொண்டுகூடச் சிரிக்கவில்லை, பலமாகவே சிரித்தேன். டொக்டரம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் அவர் முதலில் வேறு எங்காவது பார்த்திருப்பார் என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆர் இண்டைக்கு இதைத் துடைச்சது?"

"நான்தான்" என்றேன். கேள்வி எங்கே போகிறது என்று தெரியாமல் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப நீதான் உடைச்சனி."

"ஐயா கையிலதானே வந்திச்சு!"

உண்மையைத்தான் சொன்னேன். எல்லோரும் பார்த்த உண்மை. கமராவுக்குள்ளேகூட அது இருந்தது. டொக்டரம்மா கொம்பைக் கணவரின் கையிலிருந்து வாங்கி, முறிந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே மஞ்சள் நிறத்தில் மெழுகு கட்டியாக இருந்தது. அதன் ஓரத்தைச் சுற்றிக் கறுப்பாக எதையோ பூசி வழவழப்பாகத் தேய்த்திருந்தது. அவர் குரல் தாழ்ந்துவிட்டது. குரல் உயர்வதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.

"இது இண்டைக்கு உடைஞ்சதில்லை. ஆரோ முந்தியே உடைச்சுப்போட்டு, மெழுகு வைச்சு ஒட்டி, கறுப்புப் பூசி மறைச்சிருக்கினம்."

சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்தினார். விறாந்தைக் கதவில் அம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியாது. அம்மா தட்டை யன்னல் விளிம்பில் வைத்தாள். நேரே என்னிடம் வந்தாள். அம்மா வருகிறாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"நீதானே ஒடச்ச?" என்றாள் அம்மா.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "இல்லம்மா."

"பொய் சொல்லாத. நீதான் ஒடச்ச. சொல்லு."

வீட்டில் நான் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை உடைத்தபோது நானாகப் போய்ச் சொன்னவள். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்த ஆளே இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் எனக்கு ஏதாவது அடையாளம் காட்டுவாள் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "நான் ஒடைக்கல" என்று கத்தினேன். டொக்டரம்மாவின் செருப்புச் சத்தம் என் பக்கமாக இரண்டடி கேட்டது. அம்மா என்னை அறைந்தாள்.

அதற்கு முன் அம்மா என்னை அடித்தது கிடையாது. அப்பா எப்போதாவது முதுகில் ஒன்று வைப்பார், அது வேறு. இந்த அறையில் காது கொய்யென்றது. விறாந்தையில் வரிசையாக இருந்த குரோட்டன் செடிச் சட்டிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நேராகின.

"ஆமா" என்றேன். "நான்தான் ஒடச்சேன்."

"மெழுகு?" என்றார் டொக்டரம்மா.

"நான்தான் வச்சேன்."

"கறுப்பு?"

"நான்தான் பூசினேன்."

அந்த எருமைகளைச் சுட்டது யார் என்று கேட்டிருந்தாலும் நான்தான் என்று சொல்லியிருப்பேன். அந்த நிலைக்கு வந்துவிட்டேன்.

டொக்டர் ஐயா அதற்குள் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். முறிந்த இடத்தில் இருந்த கறுப்பை ஒரு விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். குனிந்து தன் சப்பாத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம், "விடும். சின்னப் பிள்ளைதானே" என்றார்.

"சொறி சொல்லச் சொல்லுங்கோ" என்றார் டொக்டரம்மா.

அந்த மன்னிப்பை யாருக்குச் சொல்வது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. "கதிரைக்கா, ஐயாவுக்கா?" என்று கேட்டேன். கொழும்பு அக்கா திரும்பி வாவிப் பக்கம் பார்த்தார். நான் டொக்டர் ஐயாவுக்கும் கதிரைக்கும் நடுவில் இருந்த தூணைப் பார்த்து சொறி சொன்னேன். பிறகு அவர்கள் எல்லோரும் பிரம்புக் கதிரைகளில் உட்கார்ந்து அம்மா சுற்றிய ரோல்ஸைச் சாப்பிட்டார்கள். நல்லாயிருக்கு என்றார்கள். பெரஹரா பார்க்க எந்த இடம் வசதி, எத்தனை மணிக்கு றோட்டை மூடுவார்கள் என்று பேசினார்கள். நான் குசினிப் பலகையில் இருந்து அதையெல்லாம் கேட்டேன். கன்னம் எரிந்தது. அதைவிட, இத்தனை பேர் ஒரு பொய்யைக் கேட்டுவிட்டு எப்படிக் கட்லட் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாளையிலிருந்து பிள்ளையைக் கூட்டி வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

பஸ்ஸில் நெரிசல். அம்மா எனக்கு எப்படியோ யன்னலோரம் பிடித்துக் கொடுத்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா எழுந்து போய் அந்த டொக்டர் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்து அடுப்பைப் பார்த்தாள். "சாப்பிடு" என்றார் அப்பா. அவ்வளவுதான். அவரும் அவர்களோடு சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

பதினொரு நாள் அம்மாவோடு பேசவில்லை. அவள் தலை வாரிவிடும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. மீதி விடுமுறை முழுதும் அப்பாவின் கடையில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்து, என்னை அறியாமல் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். அதோடு விரதம் கலைந்தது. கோபம் கலையவில்லை. இப்போது நான் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் எது உடைந்தாலும் யார் உடைத்தது என்று இந்த வாயால் நான் கேட்டதில்லை. மற்ற ஆசிரியர்கள் நான் கண்டிப்பில்லாதவள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அம்மா அந்த வீட்டில் மேலும் ஐந்து வருடம் வேலை செய்தாள். பிறகு டொக்டரும் மனைவியும் மகளிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு கைமாறியது. கதிரை எங்கே போனதோ தெரியாது. அந்த நாளைப் பற்றி நானும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் அம்மாவைக் கண்டியில் கண் டொக்டரிடம் காட்டக் கூட்டிப் போனேன். திரும்பும்போது பேராதனை வீதியில் ஒரு பழைய சாமான் கடை. கண்ணாடிக்குள் ஒரு கொம்புக் கதிரை. அதே கதிரை இல்லை, அதன் தம்பி என்று சொல்லலாம். இப்போது இவற்றுக்கு நல்ல மவுசாம்; ஹோட்டல்காரர்கள் தேடி வாங்கி வாசலில் வைக்கிறார்களாம். இரண்டு பிள்ளைகள் கடைக்குள் அதன் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அம்மா கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மருந்து விட்ட கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"நான்தான் ஒடச்சேன்" என்றாள்.

அந்த நாட்களில் அவளுக்குக் கால் வீங்குமாம். விடியற்காலையிலிருந்து நிற்பது. பலகையில் குந்தினால் எழும்புவது பெரிய பாடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் தூங்கப் போவார்கள். அந்த நேரத்தில் கொம்புக் கதிரையில் கால் மணி நேரம் உட்காருவாளாம். இரண்டு வருடமாக.

"அத்தன கதிரை இருக்கப்ப அதுலயா?" என்றேன்.

"மத்ததுல உக்காந்தா மெத்த அமுங்கும், தெரிஞ்சிரும். இதுலதான் யாரும் உக்கார மாட்டாங்க. யாரு பாக்கப் போறா?"

"குத்தலையா?"

"குத்தும். அதனாலதான் தூங்கிப் போயிர மாட்டேன்."

ஒரு நாள் எழும்பும்போது கைபிடியை ஊன்றியிருக்கிறாள். கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த மரம் பூச்சி அரித்துத் தூளாக இருந்ததாம். கரண்ட் போனால் கொளுத்துகிற மெழுகுதிரியை உருக்கி வைத்து, மேலே சப்பாத்து பொலிஷைப் பூசியிருக்கிறாள். அன்றைக்கு டொக்டர் ஐயா விரலை மணந்து பார்த்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஐயாவுக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "அடுத்த கெழமையே குசினிக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கிட்டு வந்து போட்டாரு. எதுக்குன்னு சொல்லல. ரெண்டு நாள் உக்காந்தேன். மூணாவது நாள் டொக்டரம்மா அதுமேல தேங்கா மூட்டையத் தூக்கி வச்சிட்டாங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுத்தெருவில் நின்று, இருபது வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். அதற்கு என்னை ஏன் மாட்டிவிட்டாய்?

அம்மா என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஒன்னைய வேலைய விட்டு நிப்பாட்ட முடியாதுல்ல?"

ஆனாலும் நான் விடவில்லை. சரி, பழியைப் போட்டது போகட்டும். அறைந்தது எதற்கு? நான் எப்படியும் கொஞ்ச நேரத்தில் ஒப்புக்கொண்டிருப்பேனே. அம்மாவின் சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பஸ் வருகிறதா என்று வீதியின் கோடியைப் பார்த்தாள்.

"அந்தம்மா கைய ஓங்கிட்டு வந்தாங்க. ரெண்டடிதான் இருந்திச்சு" என்றாள். "அவங்க கை ஒம்மேல படுறதுக்கு முன்னாடி நான் அடிச்சிட்டேன்."

நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தலைக்கு மேலால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.